ஸ்டைல்ஷீட்டிலிருந்து டைப்: எந்த வழியில் உருவாக்கலாம்?

சிஎஸ்எஸ் மாட்யூல்ஸும் (ஸ்டைல்ஷீட்டை இம்போர்ட் செய்து அதன் கிளாஸ் பெயர்களை எடுத்துக்கொள்ளும் முறை) டைப்ஸ்கிரிப்டும் (ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சோதனையைச் சேர்க்கும் மொழி) சேர்ந்திருக்கும் திட்டங்களில் வழக்கமாக ஒரு ஓட்டை இருக்கும். ஸ்டைல்ஷீட்டில் ‘பிரைமரி’ என்றிருந்த கிளாஸை ஒருவர் ‘மெயின்’ என்று மாற்றுகிறார். காம்பொனன்ட்டில் ‘ஸ்டைல்ஸ்.பிரைமரி’ அப்படியே கிடக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் வாயே திறக்காது. பில்ட் ஓடும், டெஸ்ட்டும் தேறிவிடும். பக்கத்தைத் திறந்து பார்க்கிறவருக்குத்தான் பட்டன் வெளிறிப்போய் நிற்பது தெரியும்.

காரணம் எளிது. டைப்ஸ்கிரிப்டுக்கு சிஎஸ்எஸ் கோப்பைப் படிக்கத் தெரியாது. அதை இம்போர்ட் செய்தால் ‘இப்படி ஒரு மாட்யூலையே காணோம்’ என்று 2307 எண்ணுள்ள பிழையைக் காட்டும். அதை அடக்க எல்லோரும் ஒரு பொது அறிவிப்பை எழுதிவைப்பார்கள்: ‘மாட்யூல்.சிஎஸ்எஸ்’ என்று முடியும் எந்தக் கோப்பிலும், எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரு ஸ்ட்ரிங் கிடைக்கும். வீட் என்ற பில்ட் கருவி இந்த அறிவிப்பைக் கையோடு கொண்டுவருகிறது. எந்தப் பெயரைக் கேட்டாலும் ஸ்ட்ரிங் என்றால், எழுத்துப்பிழையோடு கேட்ட பெயரும் ஸ்ட்ரிங்தான்.

ஓடும்போது உண்மையில் கிடைப்பது அன்டிஃபைன்ட். ரியாக்டில் அதை நேராக கிளாஸ்நேமுக்குக் கொடுத்தால் அந்த ஆட்ரிபியூட்டே வராது. டெம்ப்ளேட் ஸ்ட்ரிங்கில் இன்னொரு கிளாஸோடு ஒட்டினால், டாமில், அதாவது பிரவுசர் வைத்திருக்கும் பக்க அமைப்பில், ‘அன்டிஃபைன்ட்’ என்ற பெயரிலேயே ஒரு கிளாஸ் வந்து உட்கார்ந்திருக்கும். டெவ்டூல்ஸில் அது கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்தான். கிளாஸ் பெயர்களைச் சேர்க்க சிஎல்எஸ்எக்ஸ் மாதிரி நூலகம் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடயமும் கிடைக்காது, வெற்று மதிப்புகளை அது சத்தமில்லாமல் கழித்துவிடும்.

ஸ்டைல்ஷீட்டைப் படித்து, அதிலுள்ள கிளாஸ் பெயர்களைக் கொண்டு ஒரு இன்டர்ஃபேஸை எழுதித் தரும் கருவிகள் இந்த ஓட்டையை அடைக்க வந்தவை. எண்ணிக்கையில் நிறையவே இருக்கின்றன, பெயர்களும் ஒன்றுபோலவே இருந்து குழப்பும். வசதிகளை வரிசைப்படுத்தி ஒப்பிடுவதைவிட, ஒவ்வொன்றும் தன் சோதனையை எந்த இடத்தில் நடத்துகிறது என்று பார்ப்பதுதான் முடிவெடுக்க உதவும். எடிட்டரிலா, பில்டிலா, ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயிலா? அதோடு, கருவி ஸ்டைல்ஷீட்டைப் படிக்கும் விதமும், கோப்புகளை ஒன்றுசேர்த்துக் கட்டும் பண்ட்லர் படிக்கும் விதமும் ஒன்றுதானா? இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் பிற்பாடு நிறைய நேரம் போகும்.

எதையும் உருவாக்காமல் சமாளிக்க முடியுமா?

ஓரளவு முடியும். டைப்ஸ்கிரிப்ட் 4.1 பதிப்பில், 2020-இல், ‘நோ அன்செக்ட் இன்டெக்ஸ்ட் ஆக்சஸ்’ என்றொரு அமைப்பு வந்தது. அதைப் போட்டால் ‘ஸ்டைல்ஸ்.பிரைமரி’யின் டைப் ‘ஸ்ட்ரிங் அல்லது அன்டிஃபைன்ட்’ என்று மாறும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரியாக்டின் கிளாஸ்நேம் அன்டிஃபைன்டையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் அங்கே எந்தப் பிழையும் வராது. கட்டாயம் ஸ்ட்ரிங் வேண்டும் என்கிற இடங்களில் மட்டும் பிழை வரும், அதுவும் சரியான பெயருக்கும் தவறான பெயருக்கும் சேர்த்தே வரும். அர்ரேக்களுக்காக அந்த அமைப்பை வைத்திருங்கள், நல்லது. கிளாஸ் பெயர் விஷயத்தில் அதை நம்ப வேண்டாம்.

கோடில் தவறு தேடும் இஎஸ்லின்ட் கருவிக்கு சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ் பிளகின் ஒன்று உண்டு. இல்லாத கிளாஸைக் கேட்டாலும், ஸ்டைல்ஷீட்டில் இருந்தும் யாரும் பயன்படுத்தாத கிளாஸ் கிடந்தாலும் சொல்லும். டைப்ஸ்கிரிப்ட் இல்லாத திட்டங்களுக்கு இதுதான் நேரான தீர்வு.

பண்ட்லர் எழுதித் தரும் கோப்பு

இந்தத் துறையின் பழைய வழி இது. வெப்பேக் என்ற பண்ட்லரில், ஸ்டைல்ஷீட்டைப் படிக்கும் சிஎஸ்எஸ் லோடருக்கு அடுத்து இன்னொரு லோடரைச் செருகுவது. சீக் நிறுவனத்தார் வெளியிட்ட ‘சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ் டைப்ஸ்கிரிப்ட் லோடர்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு ஸ்டைல்ஷீட்டின் பக்கத்திலும், டைப் அறிவிப்பு மட்டும் உள்ள ஒரு டி.டிஎஸ் கோப்பை எழுதும். அதைத் திறந்து பார்த்தால், மேலே ‘இது தானாக உருவானது, கை வைக்காதீர்கள்’ என்று ஒரு கமென்ட் இருக்கும். கீழே ‘சிஎஸ்எஸ் எக்ஸ்போர்ட்ஸ்’ என்ற இன்டர்ஃபேஸ், அதற்குள் வரிக்கு ஒன்றாக கிளாஸ் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஸ்ட்ரிங்’. அவ்வளவுதான். அந்தக் கோப்பு வந்ததும் எழுத்துப்பிழை உடனே பிழையாகிறது, எடிட்டரில் புள்ளி வைத்ததும் கிளாஸ் பட்டியல் விரிகிறது.

பண்ட்லர் வெளியே தருகிற பெயர்களையே எடுத்து எழுதுவது இந்த வழியின் பெரிய பலம். பெயர்கள் பொருந்தாமல் போக வாய்ப்பே குறைவு. பலவீனமும் அங்கேயேதான். சிஎஸ்எஸ் லோடர் வெளியிடும் கோடின் வடிவத்தை நம்பி இவை வேலை செய்கின்றன. அந்த வடிவம் மாறினால் இவற்றுக்குத் தலைவலி. 2024-இல் வந்த சிஎஸ்எஸ் லோடர் 7-ஆம் பதிப்பு ஒவ்வொரு கிளாஸையும் தனித்தனி எக்ஸ்போர்ட்டாகத் தருவதை இயல்பு நிலையாக்கியது. டிஃபால்ட் இம்போர்ட் வைத்திருந்தவர்கள், பழைய அமைப்பைக் கேட்டு வாங்கினாலொழிய, இம்போர்ட் வரிகளை மாற்றியாக வேண்டியிருந்தது. அத்தகைய நாளில் டைப் எழுதும் லோடரும் சேர்ந்து நின்றுவிடக் கூடாது அல்லவா?

இன்னொரு தொல்லை வரிசை சார்ந்தது. வெப்பேக்கில் டைப் சோதனை பெரும்பாலும் தனி ப்ராசஸில் ஓடும். புதிதாக கிட்டிலிருந்து எடுத்த திட்டத்தில் முதல் பில்ட் ஓடும்போது டி.டிஎஸ் கோப்புகள் இன்னும் எழுதப்பட்டிருக்காது, சோதனையோ அதற்குள் முடிந்திருக்கும். முதல் தடவை தோற்று, மறுபடி ஓட்டினால் தேறும். ‘இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள்’ என்பது பழக்கமாகிவிட்ட குழுவில் உண்மையான பிழையையும் அப்படியே தள்ளிவிடுவார்கள். வாட்ச் முறையில், எழுதப்பட்ட கோப்பையே மாற்றமாக எடுத்துக்கொண்டு பில்ட் மறுபடி கிளம்புவதும் உண்டு. அதற்காக அந்தக் கோப்புகளைக் கண்டுகொள்ளாதே என்று வெப்பேக்குக்குத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

வெப்பேக்கில் ஏற்கெனவே இந்த வழி ஓடிக்கொண்டிருந்தால் கலைக்கத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

தனி கமாண்டாக ஓடும் கருவி

டைப் உருவாக்குவதை பண்ட்லரிலிருந்து பிரித்து ஒரு தனி கமாண்டாக வைத்தால் வரிசைச் சிக்கல் தீர்ந்தது. முதலில் உருவாக்கு, அப்புறம் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சியை ஓட்டு, அதற்கப்புறம் பில்ட். யார் எப்போது ஓட்டினாலும் ஒரே விடை.

இங்கே மூன்று பெயர்கள் முக்கியம். ‘டைப்ட் சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ்’ சுத்தமான சிஎஸ்எஸ்ஸுக்கு. சின்னது, நேரானது, ‘டிசிஎம்’ என்று மூன்றெழுத்து கமாண்ட். சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் ஸ்டைல் மொழியான சாஸ் புரியாது. சாஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘டைப்ட் எஸ்சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ்’ உண்டு. இது ஒவ்வொரு கோப்பையும் சாஸ் கம்பைலர் வழியாக ஓட்டி, வெளியே வரும் சிஎஸ்எஸ்ஸிலிருந்து பெயர்களை எடுக்கும். மிக்ஸின், லூப் வழியாக உருவாகும் கிளாஸ்களும் அதனால் பட்டியலில் வந்துவிடும். பண்ட்லரில் வைத்திருக்கும் பாதைச் சுருக்கங்களை, அலியாஸ்களை, இதற்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டும். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒரு நாள் இரண்டும் வேறுபடும், அதற்குத் தயாராக இருங்கள்.

மூன்றாவது ‘ஹாப்பி சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ்’. சிஎஸ்எஸ், சாஸ், லெஸ் மூன்றையும் படிக்கும். டி.டிஎஸ் கோப்போடு ஒரு சோர்ஸ் மேப்பையும் எழுதுவதுதான் இதன் தனிச்சிறப்பு. சாதாரணமாக எடிட்டரில் ‘ஸ்டைல்ஸ்.பிரைமரி’ மீது ‘கோ டு டெஃபினிஷன்’ கொடுத்தால் அந்த டி.டிஎஸ் கோப்பில் போய் நிற்கும். அங்கே ஒரு ஸ்ட்ரிங்கைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. சோர்ஸ் மேப் இருந்தால் நேராக ஸ்டைல்ஷீட்டில் அந்த கிளாஸ் எழுதப்பட்ட வரிக்கே போகும். பெரிய திட்டத்தில் ஒரு நாள் வேலை செய்துபார்த்தால் இது ஆடம்பரம் அல்ல என்பது புரிந்துவிடும்.

டைப்ட் எஸ்சிஎஸ்எஸ் மாட்யூல்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது ‘லிஸ்ட் டிஃபரன்ட்’ என்ற ஃபிளாக். புதிதாக எதையும் எழுதாமல், இப்போது உருவாக்கினால் எந்தெந்தக் கோப்பு மாறும் என்று மட்டும் சொல்லும். ஒன்று மாறினாலும் எக்ஸிட் கோட் 1. சிஐயில் வைக்க இதைவிட எளிதான காவல் கிடையாது. மேலே சொன்ன சீக் லோடரிலும் இதே வேலைக்கு ‘வெரிஃபை’ என்ற முறை உண்டு.

இந்த வழியின் குறை, வாட்ச் கமாண்டை ஒருவர் ஓட்டிவிட வேண்டும் என்பது. ஓட்ட மறந்தால் புதிய கிளாஸ் எழுதிய உடனே எடிட்டர் ‘அப்படி ஒன்று இல்லையே’ என்று சிவப்புக் கோடு போடும். டெவ் சர்வரோடு சேர்த்து ஒரே ஸ்கிரிப்டில் கிளப்பிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

பொது அறிவிப்பை அழித்தீர்களா?

டைப் உருவாக்கும் கருவியைச் சேர்த்த பிறகும் பலர் பழைய பொது அறிவிப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு ஸ்டைல்ஷீட்டுக்குத் தனி டி.டிஎஸ் கோப்பு இருந்தால் டைப்ஸ்கிரிப்ட் அதைத்தான் எடுக்கும், பொது அறிவிப்பை எடுக்காது. அதுவரை சரி. ஆனால் ஏதோ ஒரு ஃபோல்டரைக் கருவியின் பாதையில் சேர்க்க மறந்துவிட்டால், அங்கே தனிக் கோப்பு இருக்காது. பொது அறிவிப்பு அந்த இடத்தை அமைதியாக நிரப்பிக்கொள்ளும். எல்லாம் சோதிக்கப்படுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அந்த ஃபோல்டரில் பழைய ஓட்டை அப்படியே இருக்கும்.

அதனால் பொது அறிவிப்பை நீக்குங்கள். நீக்கினால் தனிக் கோப்பு இல்லாத ஒவ்வொரு இம்போர்ட்டும் 2307 பிழையாக வெளியே வரும், அதுதான் நமக்கு வேண்டியது. வீட் திட்டங்களில் இது கொஞ்சம் எரிச்சலான வேலை. அந்த அறிவிப்பு படங்கள், எழுத்துருக்கள் போன்றவற்றின் அறிவிப்புகளோடு ஒரே கோப்பில் வருகிறது. அந்த ஒட்டுமொத்த இணைப்பை எடுத்துவிட்டு, தேவையானவற்றை மட்டும் நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எடிட்டர் பிளகின்

‘டைப்ஸ்கிரிப்ட் பிளகின் சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ்’ எந்தக் கோப்பையும் எழுதாது. எடிட்டருக்குப் பிழையும் குறிப்பும் தருகிற டைப்ஸ்கிரிப்டின் லாங்குவேஜ் சர்வீஸுக்குள் ஏறிக்கொண்டு, கேட்கும்போது ஸ்டைல்ஷீட்டைப் படித்து டைப்பைச் சொல்லும். அமைப்பது சுலபம். டிஎஸ்கான்ஃபிக்கில் ஒரு வரி, அப்புறம் விஎஸ் கோடில் திட்டத்திலேயே உள்ள டைப்ஸ்கிரிப்ட் பதிப்பைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். பிளகினைப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது விஷயம்தான்.

எழுதும்போது கிடைக்கும் அனுபவம் அருமை. ரெப்போவில் கூடுதல் கோப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் டிஎஸ்சி இந்தப் பிளகின்களை ஓட்டாது. கமாண்ட் லைனில் டைப் சோதனை நடக்கும்போது பிளகின் அங்கே இருப்பதே இல்லை. மேலே அழிக்கச் சொன்ன அதே பொது அறிவிப்பு இங்கே மறுபடி தேவைப்படும், இல்லாவிட்டால் டிஎஸ்சி தோற்கும். அது இருந்தால் சிஐ எந்த எழுத்துப்பிழையையும் பிடிக்காது. தவறு எழுதுகிறவரின் திரையில் ஒரு சிவப்புக் கோடாக மட்டும் இருக்கும். அந்தக் கோப்பைத் திறக்காமல் ஸ்டைல்ஷீட்டை மட்டும் மாற்றியவர் அதைப் பார்க்கவே மாட்டார். நாம் தொடங்கிய சிக்கலே அதுதானே.

தனியாள் திட்டத்துக்கு இது போதும். குழுவுக்குப் போதாது. ஹாப்பி சிஎஸ்எஸ் மாட்யூல்ஸை எழுதியவரே பின்னர் ‘சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ் கிட்’ என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறார். எடிட்டருக்கு ஒரு பிளகின், சிஐக்கு ஒரு கோப்பு உருவாக்கும் கமாண்ட், இரண்டும் ஒரே அடித்தளத்தில். பெயரை மாற்றினால் ஸ்டைல்ஷீட்டிலும் காம்பொனன்ட்டிலும் சேர்ந்தே மாறும் வசதியும் உண்டு. யோசனை சரியான திசையில் இருக்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றி எழுதுவதாக அறிவித்தது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, எடிட்டர் சர்வருக்குள் ஏற்றப்படும் பிளகின்களை மட்டும் நம்பி இன்று கட்டுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. கோப்பாக எழுதப்பட்ட இன்டர்ஃபேஸுக்கு அந்தக் கவலை இல்லை.

கோடு போட்ட பெயர்கள்

கருவியும் பண்ட்லரும் ஒரே விதமாகப் படிக்கின்றனவா என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிஎஸ்எஸ்ஸில் ‘பட்டன்-பிரைமரி’ என்று நடுவில் கோடு போட்டு எழுதுவது வழக்கம். ஜாவாஸ்கிரிப்டில் புள்ளி வைத்து அதைக் கேட்க முடியாது, சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். அதனால் பண்ட்லரில், கோட்டை எடுத்துவிட்டு அடுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கும் கேமல்கேஸ் மாற்றத்தைப் போட்டுவைப்பார்கள். சிஎஸ்எஸ் லோடரில் இதற்கு ஐந்து வகை உண்டு: எழுதியபடியே தருவது, கேமல்கேஸையும் பழைய பெயரையும் சேர்த்துத் தருவது, கேமல்கேஸ் மட்டும் தருவது, கோடுகளை மட்டும் மாற்றி இரண்டையும் தருவது, கோடு மாறிய பெயரை மட்டும் தருவது. வீட் கருவியிலும் இதற்கு அமைப்பு உண்டு. அங்கே சிஎஸ்எஸ்ஸைக் கையாள லைட்னிங் சிஎஸ்எஸ் என்ற வேறு கருவிக்கு மாறினால் சிஎஸ்எஸ் மாட்யூல்ஸின் வழக்கமான அமைப்புகள் செல்லாது. பெயர் மாற்றம் போட்டிருந்தால் அதுவும் போகும்.

டைப் உருவாக்கும் கருவியில் இதே தேர்வை நாம் இன்னொரு முறை செய்கிறோம். கருவி ‘இரண்டு பெயரும் உண்டு’ என்று இன்டர்ஃபேஸில் எழுத, பண்ட்லர் ஒன்றை மட்டும் தந்தால், டைப் சோதனையில் தேறிய பெயர் ஓடும்போது அன்டிஃபைன்ட் ஆகும். சோதனையே இல்லாததைவிட இது மோசம். இப்போது எல்லோரும் சோதனையை நம்புகிறார்கள். இரண்டு அமைப்புகளையும் ஒரே கான்ஃபிக் கோப்பிலிருந்து படிக்கச் செய்வது ஒரு வழி. அதைவிட எளிது, மாற்றத்தையே கைவிட்டு ஸ்டைல்ஷீட்டில் நேராக கேமல்கேஸில் எழுதிவிடுவது. புதுத் திட்டம் என்றால் யோசிக்காமல் இதைத்தான் செய்வேன்.

பெயரை ஓடும்போது ஒட்டிச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘சைஸ்’ என்ற சொல்லோடு ஒரு ப்ராப்பின் மதிப்பை டெம்ப்ளேட்டில் சேர்த்து கிளாஸை எடுக்கும் கோட், இன்டர்ஃபேஸ் வந்ததும் பிழை காட்டும், ஏனென்றால் அந்த டெம்ப்ளேட்டின் டைப் வெறும் ஸ்ட்ரிங். ப்ராப்பின் டைப் குறிப்பிட்ட சில சொற்களின் யூனியனாக இருந்தால், டெம்ப்ளேட்டுக்குப் பின்னால் ‘ஆஸ் கான்ஸ்ட்’ சேர்த்தால் போதும். அதன் பிறகு சாத்தியமான எல்லாப் பெயரும் ஸ்டைல்ஷீட்டில் இருக்கிறதா என்பதையே டைப்ஸ்கிரிப்ட் பார்த்துவிடும். பிழையை மறைக்க ‘எனி’ போட்டுவிட்டுப் போகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

கிட்டில் சேர்ப்பதா?

இதில் இரண்டு கட்சிகள். சீக் லோடரின் வழி, டி.டிஎஸ் கோப்புகளை கமிட் செய்து சிஐயில் சரிபார்ப்பது. ரெப்போவை எடுத்தவுடன் எல்லாம் வேலை செய்யும், ரிவ்யூவில் எந்த கிளாஸ் போனது என்பதும் தெரியும். மறுபக்கம், இரண்டு பிராஞ்ச்களை இணைக்கும்போது யாரும் கையால் எழுதாத கோப்பில் கான்ஃப்ளிக்ட் வரும், ஸ்டைல்ஷீட் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடுதல் கோப்பு ஃபோல்டரை அடைக்கும்.

கமிட் செய்யாமல், இன்ஸ்டாலுக்குப் பின் தானாக உருவாக்கச் செய்வதுதான் என் விருப்பம். ஃபோல்டர் நெரிசல் பிடிக்காவிட்டால், கோப்புகளை வேறொரு ஃபோல்டரில் எழுதச் சொல்லி, டிஎஸ்கான்ஃபிக்கில் ‘ரூட் டிர்ஸ்’ என்ற அமைப்பில் இரண்டு ஃபோல்டர்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒரே இடம் போலப் பார்க்கும். இன்னொன்று: பழைய வழக்கத்தில் கோப்பின் பெயர் ‘சிஎஸ்எஸ்.டி.டிஎஸ்’ என்று முடியும். நோட் பாணியின் கறாரான இஎஸ்எம் (ஜாவாஸ்கிரிப்டின் மாட்யூல் முறை) தேடலில் அது பிடிபடாது. 2023-இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.0 அதற்காகவே ‘அலௌ ஆர்பிட்ரரி எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதில் கோப்பின் முடிவு ‘டி.சிஎஸ்எஸ்.டிஎஸ்’. கருவியிலும் அதே வடிவத்தைக் கேட்க வேண்டும்.

திசையையே திருப்புவது

ஸ்டைல்ஷீட்டிலிருந்து டைப் எடுப்பதற்குப் பதில், ஸ்டைலையே டைப்ஸ்கிரிப்டில் எழுதி, பில்டில் சிஎஸ்எஸ்ஸாக மாற்றினால் என்ன? வனிலா எக்ஸ்ட்ராக்ட் அதைத்தான் செய்கிறது. 2021-இல் இதுவும் சீக் நிறுவனத்திலிருந்தே வந்தது. 2015-இல் சிஎஸ்எஸ் மாட்யூல்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் டால்கிளீஷ் இதன் பின்னாலும் இருந்தார். டைப் எழுதும் லோடரைக் கட்டிய அதே இடத்தில் இந்த யோசனையும் பிறந்ததை நான் ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இதில் உருவாக்கும் வேலையே கிடையாது. கிளாஸ் என்பது ஒரு சாதாரண எக்ஸ்போர்ட். பெயர் மாற்றம், பயன்பாட்டைத் தேடுவது, இல்லாததைக் கேட்டால் பிழை, எல்லாம் டைப்ஸ்கிரிப்டுக்கே தெரிந்தவை. கிளாஸ் பெயரைத் தாண்டி ப்ராப்பர்ட்டியும் தீம் மதிப்பும்கூட சோதிக்கப்படும். மற்ற வழிகள் எதுவும் அவ்வளவு தூரம் போவதில்லை.

விலை என்ன? சிஎஸ்எஸ் மட்டும் தெரிந்து எழுதுகிறவர் வெளியே நிற்கவேண்டி வரும். டெவ்டூல்ஸில் சரிசெய்த நான்கு வரியை அப்படியே ஒட்ட முடியாது. ஒரு ஸ்டைலுக்குள் எழுதும் செலக்டர் அந்த கிளாஸையே குறிவைக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், பெற்றோரிலிருந்து பிள்ளையை அலங்கரிக்கும் பழைய சாஸ் கோடைத் திருப்பி எழுத வேண்டும். நூற்றுக்கணக்கில் ஸ்டைல்ஷீட் உள்ள பழைய திட்டத்தை, கிளாஸ் பெயர்ப் பிழை ஒன்றுக்காக இதற்கு மாற்றுவது வீண். புதிதாக ஒரு டிசைன் சிஸ்டம் கட்டுகிறீர்கள், எழுதுகிறவர்கள் எல்லோரும் டைப்ஸ்கிரிப்டில் இருக்கிறார்கள் என்றால் தயங்காமல் எடுக்கலாம்.

எனக்குத் தோன்றும் முடிவு

சிஎஸ்எஸ் மாட்யூல்ஸோடு ஓடிக்கொண்டிருக்கும் நடுத்தரத் திட்டத்துக்குத் தனி கமாண்ட் கருவிதான். சாஸ் இருந்தால் டைப்ட் எஸ்சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ், டெஃபினிஷனுக்குத் தாவுவது முக்கியம் என்றால் ஹாப்பி சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ். பொது அறிவிப்பு போக வேண்டும். சிஐயில் உருவாக்கும் கமாண்டுக்கு அடுத்ததாக டிஎஸ்சி கட்டாயம் ஓட வேண்டும். வீட், இஎஸ்பில்ட், எஸ்டபிள்யூசி மூன்றும் டைப்பை உரித்துப்போட்டுவிட்டுப் போகும், சோதிக்காது. டிஎஸ்சியை ஓட்டாத சிஐயில் எவ்வளவு அழகான இன்டர்ஃபேஸ் இருந்தும் பயனில்லை. எடிட்டர் பிளகினை அதற்கு மேல் வைத்துக்கொள்வது அவரவர் வசதி, ஆனால் இரண்டும் ஒரே பெயர் மாற்ற அமைப்பில் இருக்கட்டும்.

இவை எல்லாமே ஒரு பக்கத்தை மட்டும்தான் காக்கின்றன: கோட் கேட்கும் பெயர் ஸ்டைல்ஷீட்டில் உண்டா என்பதை. ஸ்டைல்ஷீட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் கிளாஸைப் பற்றி எந்த இன்டர்ஃபேஸும் பேசாது. அதற்கு முன்பு சொன்ன இஎஸ்லின்ட் விதியைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சதுர அடைப்புக்குள் ஓடும்போது ஒட்டிய பெயர்கள் உள்ள கோப்புகளில் அது தவறாகக் குற்றம் சாட்டக்கூடும், அதனால் அங்கே அதை எச்சரிக்கை நிலையில் வைத்தால் போதும்.